ஆள் கிடைக்கவில்லையா, கிடைத்த ஆள் நிற்கவில்லையா?

2023 பிப்ரவரி 6

வாசகர் ஒருவரின் கேள்வி, அப்படியே:

"திருப்பூரில் 22 மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். கேட்டில் 'டைலர் தேவை' பலகை ஆண்டு முழுவதும் தொங்குகிறது. வருகிறவர்கள் இரண்டு மூன்று சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். இருப்பவர்களுக்கும் ஆர்வம் இல்லை. நான் வெளியே போய்விட்டால் மெஷின் சத்தம் குறைந்துவிடுகிறது. மனம் வைத்து உழைக்கும் ஆட்களை எங்கே தேடுவது?"

நானும் அதே ஊர், அதே தொழில், ஏறக்குறைய அதே அளவு கம்பெனி. (வெளியூர்க்காரர்களுக்கு: ஜாப் ஒர்க் என்றால் அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. திருப்பூரில் வீட்டு முன்னறையில் நான்கு மெஷின் போட்டாலும் அது கம்பெனிதான்.)

கேள்வியில் எனக்கு உறுத்துவது மெஷின் சத்தம் பற்றிய வரி. உங்கள் டைலர்களுக்கு ஷிப்ட் சம்பளமா (ஷிப்டுக்கு இவ்வளவு என்று நிலையாக), பீஸ் ரேட்டா (தைத்த பீசுக்கு இவ்வளவு என்று)? பீஸ் ரேட் என்றால், சத்தம் குறையும்போது குறைவது அவர்களுடைய காசு. சனிக்கிழமை வாங்கப்போகும் காசைத் தானே குறைத்துக்கொள்ளும் டைலரை நான் பார்த்ததில்லை. மெஷின் நிற்பதற்கு வேறு காரணம் இருக்கும். ஒரு நாள் வெளியே போகாமல் லைனிலேயே, அதாவது மெஷின் வரிசையிலேயே, நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த மெஷின் எப்போது, எதற்காக நிற்கிறது என்று எழுதி வையுங்கள். பிறகு பேசலாம்.

2023 பிப்ரவரி 9

எழுதி அனுப்பியிருக்கிறார். பீஸ் ரேட்தானாம். பட்டியலைச் சுருக்கித் தருகிறேன்: காலையில் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டிக்கான துணி) வரவில்லை. வந்தபின் பார்த்தால் பாடி துணிக்கும் ரிப்புக்கும் நிறம் ஒட்டவில்லை, திருப்பி அனுப்பினார்கள். மதியம் பேட்லாக் மெஷினில் லூப்பர் (நூலை வளையமாகப் பின்னும் பாகம்) தகராறு. மெக்கானிக் வேறு கம்பெனியில் இருந்தார். மாலையில் லேபிள் தீர்ந்துவிட்டது. 'ஆர்வமில்லாத டைலர்' என்று எழுத அன்று ஒரு இடமும் கிடைக்கவில்லை என்று அவரே குறிப்பு வைத்திருக்கிறார்.

இத்தொழில் தெரியாதவர்களுக்காக: ஒரு டி-சர்ட் தோள் இணைப்பில் தொடங்கும். கழுத்து ரிப், கை, பக்கவாட்டு எல்லாம் ஓவர்லாக்கில், அதாவது ஓரத்தைச் சுற்றித் தைக்கும் மெஷினில், போகும். சட்டையின் கைமடிப்பும் கீழ்மடிப்பும் பேட்லாக், மடிப்பைத் தட்டையாகத் தைப்பது. லேபிள் வைப்பது சிங்கர், சாதாரணத் தையல் மெஷின். ஒருவர் முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தவருக்கு வேலை. தோள் ஜாயிண்ட் ஓவர்லாக் ஒரு மணி நேரம் நின்றால் பின்னால் இருக்கும் அத்தனை பேருடைய காசும் நிற்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓனருக்கு நேரடியாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, ஏனென்றால் பீஸ் ஓடவில்லை, கூலியும் இல்லை. திட்டமிடாதது நாம், இழப்பது அவர்கள். இப்படி வாரத்தில் இரண்டு நாள் நடந்தால் மூன்றாவது சனிக்கிழமை அவர்கள் அடுத்த தெருவுக்குப் போவதில் என்ன வியப்பு?

எங்கள் கம்பெனியில் ஓர் ஏற்பாடு உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் வேலையில்லாமல் உட்கார வைத்தால், அந்த நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் சம்பளம். டைலர்கள் இதற்கு வைத்த பெயர் 'சும்மா காசு'. இது வந்தபின் பழக்கம் மாறியவர்களில் முதல் ஆள் நான்தான். ரிப், நூல், ஊசி, லேபிள் எல்லாம் முதல் நாள் மாலையே மேசைக்கு வந்தாலொழிய மறுநாள் கட்டிங்கை லைனில் இறக்குவதில்லை. என் பையிலிருந்து காசு போகிறதென்றால் எனக்கும் சுறுசுறுப்பு வருகிறது.

2023 பிப்ரவரி 11

எதிர்பார்த்த எதிர்ப்பு: "சும்மா இருக்கக் காசு கொடுத்தால் சும்மாவே இருப்பார்கள்."

கணக்குப் போட்டுப் பாருங்கள். கை ஓடும் டைலர் பீஸ் ரேட்டில் எடுப்பது ஷிப்ட் சம்பளத்தைவிட அதிகம். இல்லாவிட்டால் அவர் பீஸ் ரேட்டுக்கு வந்திருக்கவே மாட்டார். சும்மா காசு அவருக்கு இழப்பைக் குறைப்பது மட்டுமே, லாபம் அல்ல. எனவே மெஷின் நின்றவுடன் முதலில் கத்துவதும் அவர்தான்.

பழகுநர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் பீஸ் ரேட்டில் எடுப்பது ஷிப்ட் சம்பளத்தைவிடக் குறைவு என்பதால், நிற்பதே லாபம். எங்களிடமும் ஒரு பையன் நூலை அடிக்கடி அறுத்துக்கொண்டிருந்தான். கை பழகும்வரை பழகுநர்களை முழு ஷிப்டில் வைத்துவிடுவதே தீர்வு. கைமடிக்கும் பெண்கள் (டைலருக்குத் துணியை மடித்துக் கொடுத்து உதவுபவர்கள்), செக்கிங், அயர்ன் பார்ப்பவர்கள் ஏற்கெனவே ஷிப்டில் இருப்பதால் அவர்களைப் பற்றி வேறாகப் பேச வேண்டும்.

2023 பிப்ரவரி 19

அட்வான்ஸ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சேரும்போதே பெரிய தொகை கொடுத்துக் கட்டிப்போடுவது இங்கே பழைய வழக்கம். அது பலிப்பதில்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர் அந்தத் தொகையை அடைத்துவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறார். அதோடு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார். டைலரின் கடன் ஏறுகிறது, ஊருக்குள் ஆளின் விலை ஏறுகிறது, வேலை ஒரு பீஸ்கூட ஏறவில்லை. அட்வான்ஸ் கழியும்வரை போகக் கூடாது என்று தடுத்தால் அது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. "ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். ஐயா, அதை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் சேரும்போது எதுவும் கொடுப்பதில்லை. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்குக் கேட்டால் கொடுப்பேன். சிறு தொகையாக வாராவாரம் பிடித்துக்கொள்வேன். இடையில் போய்விட்டால் போனதுதான். அப்படிப் போனதும் உண்டு.

2023 மார்ச் 7

இந்த வாரம் எடுத்த பேச்சை விட்டு விலகிப் பேசுவது போலத் தெரியும். ஆனால் விலகல் இல்லை.

வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம் நெரிகிறது. காவல்துறை மறுத்துவிட்டது, இந்தி தெரிந்த ஆட்களை வைத்து உதவி எண் கொடுத்திருக்கிறார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து தொழிலாளர்களிடம் பேசியிருக்கிறது. நாளை ஹோலி என்பதால் எப்படியும் ஊருக்குப் போக இருந்தவர்கள் யார், பயந்து போகிறவர்கள் யார் என்று பிரிக்கவும் முடியவில்லை.

எங்கள் அயர்ன் டேபிளில் மூன்று பேர் பீகார்க்காரர்கள். வெள்ளிக்கிழமை மாலை பையோடு வந்து நின்றார்கள். "வீடியோ பொய்" என்று நான் சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை. ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் செய்யும்போது ஓனர் சொல்வது எப்படி ஏறும்? சம்பளம் அத்தனையும் கணக்குத் தீர்த்துக் கையில் கொடுத்தேன், சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. பக்கத்தில் சிலர் "பணத்தை நிறுத்தி வைத்தால்தான் திரும்பி வருவார்கள்" என்றார்கள். பயந்திருப்பவனின் காசை நிறுத்தி வைத்தால் அவன் திரும்பி வருவானா, வீடியோ உண்மைதான் என்று நினைப்பானா?

2023 மார்ச் 12

"ஹென்றி ஃபோர்டு சம்பளத்தை இரட்டிப்பாக்கினார், ஊழியர்கள் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள், நீங்கள் ஏன் சும்மா காசு என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று ஒரு நண்பர்.

ஃபோர்டு 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தது உண்மை. 9 மணி நேர வேலையை 8 ஆகவும் குறைத்தார். ஏன் செய்தார்? அசெம்பிளி லைன் வந்தபின் அந்த வேலையை ஆட்களால் தாங்க முடியவில்லை. 1913-ல் ஆள் மாற்றம் 370 சதவீதம். அதாவது சுமார் 14,000 பேரை வைத்திருக்க ஆண்டில் 50,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் 5 டாலர் மலிவு. அந்த 5 டாலரில் பாதியளவு லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அதைப் பெற, ஊழியர் குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள். நம் ஆட்கள் வீட்டுக்கு நான் ஆய்வுக்குப் போனால், கைமடிக்கும் அக்கா துடைப்பத்தோடு வரவேற்பார்.

கூலி முக்கியமில்லை என்று சொல்லவில்லை. சங்கமும் உற்பத்தியாளர்களும் பேசி ஒப்பந்தம் போட்ட கூலியைக்கூடக் கொடுக்காதவர் ஊக்கம் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் ஜாப் ஒர்க்கில் நமக்கு வருவதே பீசுக்கு இவ்வளவு என்ற ரேட். அதற்குள் எவ்வளவு கூட்ட முடியும்? பத்துப் பைசாவுக்கு ஆர்டர் கைமாறும் ஊர் இது. கூட்ட முடியாதவர் வீணாவதைத் தடுக்கலாம்.

2023 மார்ச் 13

மேலே ஒன்றைத் திருத்திப் படியுங்கள். கைமடிக்கும் அக்கா துடைப்பத்தோடு வரவேற்க மாட்டாராம். "காபி கொடுத்து உட்கார வைத்து, பாத்திரம் கழுவச் சொல்வேன்" என்கிறார்.

2023 ஜூன் 18

ரேட் சொல்லும் நேரம் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும்.

புது ஸ்டைல் வந்தால் பெரும்பாலான கம்பெனிகளில் வேலை தொடங்கிவிடும், ரேட் பிறகு பேசப்படும். பாதி ஆர்டர் முடிந்த பின், வெள்ளிக்கிழமை இரவில் உட்கார்ந்து பேரம். டைலர் ஒரு ரேட்டை மனத்தில் வைத்துத் தைத்திருப்பார்; ஓனர் இன்னொன்றை எழுதியிருப்பார். சனிக்கிழமை கவரைப் பிரிக்கும்போது சண்டை. வித்தியாசம் பீசுக்கு இருபது பைசாதான் இருக்கும். ஆனால் 'ஏமாற்றப்பட்டேன்' என்ற எண்ணத்துக்கு அளவு கிடையாது.

எங்களிடம் முதல் 20 பீஸ் சாம்பிளாக ஓடும். ஓடி முடிந்ததும் டைலர்களில் இருவர், நான், லைன் பார்க்கும் பையன் எனப் பேசி ரேட்டைக் கரும்பலகையில் எழுதிவிடுவோம். எழுதியபின் ஏறாது, இறங்காது. எனக்கு நட்டமான ஸ்டைலும் உண்டு. அவர்கள் முனகிக்கொண்டே முடித்துக் கொடுத்த ஸ்டைலும் உண்டு.

"எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்டர்தான் ரேட் பேசுவார், எனக்குத் தெரியாது" என்று இரண்டு பேர். தெரிந்துகொள்ளுங்கள். மொத்தமாகப் பீசுக்கு இவ்வளவு என்று அவரிடம் கொடுத்துவிட்டால் தலைவலி குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த டைலர்கள் அவருடைய ஆட்கள். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பும் நாளில் லைன் முழுவதும் அவர் பின்னால் கிளம்பும். அப்போது "ஆட்களுக்கு விசுவாசம் இல்லை" என்று எழுதாதீர்கள். விசுவாசம் இருந்தது, அது அவரிடம் இருந்தது.

2023 ஜூன் 20

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 10 பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. வந்துவிடும்; மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நாம் 3.25 சதவீதம், அவர்கள் 0.75. பி.எஃப். 20 பேருக்கு. "பிடித்தம் வேண்டாம், கையில் கொடுங்கள்" என்று டைலர்களே சொல்வார்கள். நமக்கும் அது இனிக்கும். அந்த இனிப்பில் மயங்காதீர்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு ஈ.எஸ்.ஐ. வழியாகக் கிடைத்ததைப் பார்த்தபின், எங்கள் செக்கிங் பிரிவில் யாரும் பிடித்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நான் ஆயிரம் சொல்லியும் நம்பாதவர்கள், அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கைப் பார்த்து நம்பினார்கள்.

2023 செப்டம்பர் 24

பெண்கள் காலையில் தாமதமாக வருவது பற்றி ஒருவர் நீளமாகப் புலம்பியிருக்கிறார். எட்டரைக்கு ஷிப்ட், அவர்கள் ஒன்பதுக்கு வருகிறார்கள், அரை மணி நேரச் சம்பளத்தைப் பிடித்தும் திருந்தவில்லை என்று.

எங்களிடம் ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு மாற்றம் தெரிகிறது. காலை உணவுத் திட்டம் ஆகஸ்ட் 25-லிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது அல்லவா? ஐந்தாம் வகுப்புவரை பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களில் நான்கைந்து பேர் இப்போது நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். நான் எதுவும் செய்யவில்லை. பிடித்தம், எச்சரிக்கை, அறிவுரை எதுவும் சாதிக்காததை உப்புமா சாதித்திருக்கிறது. அதற்கு முன் 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோதும் இப்படித்தான். ஊத்துக்குளி, பல்லடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் கேட்டு வரத் தொடங்கினார்கள். அதுவரை சம்பளத்தில் ஒரு பகுதி டிக்கெட்டுக்கே போயிருக்கும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர் இன்னும் ஒன்பதுக்குத்தான் வருகிறார். அவருக்கு ஒன்பது மணி ஷிப்ட் என்றே எழுதிவிட்டேன். "ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள்" என்றார் என் மைத்துனர். இதுவரை இரண்டு பேர் கேட்டார்கள். இருவருக்கும் கேட்கக் காரணம் இருந்தது.

2023 நவம்பர் 5

தீபாவளிக்கு ஒரு வாரம். ஊரே போனஸ் கணக்கில் இருக்கிறது. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். பீஸ் ரேட் ஆட்களுக்குக் கிடையாது என்று நம்பும் ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள், கிடைக்க வேண்டியதுதான்.

போனஸ் ஆளை நிறுத்துமா? தீபாவளிவரை நிறுத்தும். போனஸ் வாங்கியபின் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் ஏறுபவர் எந்தக் கம்பெனிக்குத் திரும்புவது என்பதை ஊரில்தான் முடிவு செய்கிறார். அங்கே மாமன் மச்சான் உட்கார்ந்து "உங்கள் கம்பெனியில் வேலை ஓடுகிறதா, நிற்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். இந்த ஆண்டு ஆர்டர் குறைவு என்பதால் அந்தக் கேள்விக்கு எடை அதிகம்.

2023 நவம்பர் 28

தீபாவளி முடிந்து திரும்பி வந்தவர் கணக்கு: தென் மாவட்டத்துக்காரர்கள் ஒருவர் தவிர எல்லோரும் வந்தார்கள். அந்த ஒருவர் ஊரிலேயே தையல் கடை போடுகிறாராம், நல்ல சேதி. பீகார்க்காரர்கள் அவர்கள் ஊர்ப் பெரிய பண்டிகையான சத் பூஜை முடித்து, தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியாகாமல் நேற்றுத்தான் வந்து சேர்ந்தார்கள். மார்ச்சில் பையோடு நின்ற மூவரில் இருவர் ஏப்ரலிலேயே திரும்பியிருந்தார்கள். மூன்றாமவர் இப்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தம்பிக்கு அயர்ன் தெரியாது. கைமடிக்க விட்டிருக்கிறேன்.

இதை வைத்து "கணக்குத் தீர்த்துக் கொடுத்தால் திரும்பி வருவார்கள்" என்று விதி எழுதிவிடாதீர்கள். வேறு கம்பெனியில் கூலி நிறுத்தி வைக்கப்பட்டவர்களும் திரும்பி வந்திருக்கிறார்கள், அந்தக் கூலியை வாங்குவதற்காக. வாங்கியதும் என்ன செய்தார்கள் என்பது வேறு கதை.

2024 ஆகஸ்ட் 11

பாட்டு பற்றிய சண்டை. ஒருவர் வேலை நேரத்தில் பாட்டு கூடாது என்கிறார். இன்னொருவர் பாட்டு இல்லாவிட்டால் டைலர் தூங்கிவிடுவார் என்கிறார். எங்களிடம் ஸ்பீக்கர் உண்டு. காலையில் பக்திப் பாடல், பதினோரு மணி டீக்குப் பின் பழைய பாட்டு, மாலையில் அயர்ன் டேபிளின் ஆட்சி, அதாவது போஜ்புரி. ஓவர்லாக் பெண்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது ஒரு பாட்டுக்கு அவர்களும் கை தட்டுகிறார்கள். பொருள் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நிறுத்தச் சொல்வார்கள் என்று அயர்ன்காரர் சிரிக்கிறார்.

உற்பத்தி கூடியதா என்று கேட்காதீர்கள். எல்லாவற்றையும் பீசாக எண்ண முடியாது.

2024 ஆகஸ்ட் 14

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். 'சும்மா காசு' கொடுக்கத் தொடங்கி, முதல் மாதம் நொந்துபோய், பிறகு மெக்கானிக்கைப் பக்கத்துக் கம்பெனியோடு பங்குபோட்டு மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டாராம். நல்ல யோசனை, எனக்குத் தோன்றாதது. ஆட்கள் நிற்கிறார்களா என்றால், பாதிப் பேர் நிற்கிறார்கள் என்கிறார். பாதி என்பது இந்த ஊரில் மோசமில்லை. மீதிப் பாதி எப்படியும் போகும். நல்ல டைலருக்கு நல்ல கூலி கொடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று வாகனமும் அனுப்பினால் நானே "போய் வாருங்கள்" என்பேன்.

2024 அக்டோபர் 20

கடைசியாக வந்திருக்கும் கேள்வி: போன ஆண்டு சொல்லாமல் கொள்ளாமல் போன டைலர் திரும்ப வந்து வேலை கேட்கிறார், சேர்க்கலாமா?

சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பெனி பார்த்துவிட்டு வருபவருக்கு உங்கள் கம்பெனியின் குறையும் தெரியும், நிறையும் தெரியும். புதிதாக வருபவரைப் போல மூன்று வாரம் நோட்டம் பார்க்க மாட்டார். கரும்பலகையில் இருக்கும் அதே ரேட்டில் சேருங்கள். திரும்பி வந்ததற்காகக் கூட்டவும் வேண்டாம், போனதற்காகக் குறைக்கவும் வேண்டாம். ஆனால் இன்னும் பத்து நாளில் தீபாவளி. இப்போது சேர்த்தால் இங்கேயே இருந்தவர்களின் போனஸ் பேச்சுக்குள் அவர் புகுந்துவிடுவார். தீபாவளி முடிந்து வரச் சொல்லுங்கள். அதற்குள் எந்த மெஷினில் உட்கார வைப்பது என்று பாருங்கள். அவருடைய பழைய பேட்லாக்கில் இப்போது வேறொருவர் இருப்பார் அல்லவா?